சேலத்தில் செலவு குறைந்த படிப்பு: வேலையிலிருந்து பின்னோக்கித் தேடுங்கள்

கல்லூரி விண்ணப்பத்தைத் தொடும் முன் ஒரு பழைய நோட்டை எடுத்து வையுங்கள். கட்-ஆஃப் கணிக்கும் யூடியூப் சேனல்களைவிட அது அதிகம் உதவும்.

படி 1: வேலையைத் தேர்ந்தெடுங்கள்

பிடித்த மூன்று வேலைகளுக்குக் கடைசியாக வந்த ஆள்சேர்ப்பு அறிவிப்பை இறக்கி, 'கல்வித் தகுதி' பத்தியை வரிக்கு வரி நோட்டில் எழுதுங்கள். டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 2-இல் பல பதவிகளுக்கு ஏதோ ஒரு பட்டம் போதும். ரயில்வே ஜூனியர் இன்ஜினியருக்கு டிப்ளமோவே போதும். அதற்காக நான்கு வருடம் பி.இ. கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

படி 2: பட்டத்தின் பெயரைச் சரிபாருங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். அறிவிப்பில் 'பி.எஸ்சி. கணிதம்' என்று இருக்கும். கல்லூரி நடத்துவது 'கணிதம், கணினிப் பயன்பாட்டுடன்'. பாடம் ஏறக்குறைய ஒன்றுதானே என்று சேர்ந்துவிடுவார்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் இணைத்தன்மை அரசாணை, அதாவது இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் அரசு ஆணை, கேட்பார்கள். அந்த அரசாணை குறிப்பிட்ட பல்கலைக்கழகம் கொடுத்த குறிப்பிட்ட பட்டத்துக்குத்தான் செல்லும். வேறு பல்கலைக்கழகத்துக்கு வந்த ஆணையைக் காட்டிப் பயனில்லை. டி.என்.பி.எஸ்.சி.யில் அந்த ஆணை, ஆள்சேர்ப்பு அறிவிப்பு வெளியான தேதிக்கு முன்பே வந்திருக்கவும் வேண்டும்.

ஆகவே பெயர் புதுசாக இருந்தால், பட்டச் சான்றிதழில் என்ன அச்சாகும் என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உயர்கல்வி மன்ற இணையதளத்தில் இணைத்தன்மை ஆணைகளைத் தேடுங்கள். ஆணை கிடைக்கவில்லையென்றால், அரசு வேலைதான் குறி என்பவர்கள் வெறும் கணிதம், வெறும் வேதியியல், வெறும் வணிகவியல் எடுப்பது நல்லது. தனியார் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

படி 3: மொத்தச் செலவைக் கூட்டுங்கள்

கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பஸ், விடுதி, சாப்பாடு: எல்லாவற்றையும் படிப்பு முடியும்வரை கூட்டுங்கள். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு பஸ் பாஸ் இலவசம், தனியார் கல்லூரிக்குப் பாதிக் கட்டணம்.

ஏற்காட்டிலிருந்து வருகிற பெண்களுக்கு கோரிமேட்டில் இருக்கும் அரசு மகளிர் கலைக் கல்லூரி வசதி. ஏற்காடு ரோட்டிலேயே இருப்பதால் டவுனுக்குள் போக வேண்டாம். ஆனாலும் தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குவது முதல் செமஸ்டரிலேயே அலுத்துவிடும். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். குடும்ப ஆண்டு வருமானம் அரசு வைத்த வரம்புக்குள் இருக்க வேண்டும். வீடு கல்லூரியிலிருந்து 8 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். இந்தத் தூர விதி மாணவிகளுக்கு இல்லை.

படி 4: பாலிடெக்னிக்கை ஒதுக்காதீர்கள்

பத்தாவது முடித்து டிப்ளமோ 3 வருடம், நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து 3 வருடம். பிளஸ் டூ வழியாகப் போனாலும் 2 + 4, அதே ஆறு வருடம்தான். வித்தியாசம் என்னவென்றால், வீட்டில் பணம் முட்டினால் டிப்ளமோவோடு நிறுத்தி வேலைக்குப் போகலாம். பிளஸ் டூ வழியில் மூன்றாம் வருடம் நின்றால் கையில் பிளஸ் டூ சான்றிதழைத் தவிர எதுவும் இல்லை. சேலத்தில் தியாகராஜர் பாலிடெக்னிக் இருக்கிறது. நெசவுத் தொழிலில் ஆர்வம் இருந்தால் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கிறது.

படி 5: பொறியியல் என்றால் வரிசை முக்கியம்

கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கலந்தாய்வில் கொடுக்கும் விருப்பப் பட்டியலில் உண்மையிலேயே ஆசைப்படுவதை மேலே போடுங்கள். கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரி 'எப்படியும் கிடைக்காது' என்று கீழே தள்ளினால், மேலே இருக்கும் இன்னொன்று முதலில் ஒதுக்கீடாகிவிடும். அதன்பின் மேல்நோக்கி நகரக் கேட்டாலும் அதற்கு மேலே எழுதியவற்றுக்கு மட்டுமே நகர முடியும்.

பிற்சேர்க்கை: அடிக்கடி கேட்கப்படுவது

முதல் பட்டதாரி (குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவர்) சலுகை கலந்தாய்வில் கிடைத்த இடத்துக்கு மட்டும்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டு சான்றிதழை நீட்டினால் கட்டணம் குறையாது. சான்றிதழை இ-சேவை மையத்தில் ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். மாணவர் பெயரின் இனிஷியல் ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அதற்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.