ஹைலேண்ட்ஸில் கல்யாணமா? முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

மலை, ஏரி, பழைய கோட்டை எல்லாம் சூழ ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸில் திருமணம் செய்ய நினைப்பவர்கள் இடத்தைத்தான் முதலில் தேடுவார்கள். மாதத்தை முடிவு செய்துவிட்டு இடத்துக்குப் போவது நல்லது. ஜூனில் இரவு 10 மணி வரைகூட வெளிச்சம் இருக்கும். ஆனால் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சிக்கும் அதுதான் காலம்; காற்றில்லாத மாலையில் கூட்டமாக மொய்த்துக் கடிக்கும், மணமக்களால் நிற்கவே முடியாது. டிசம்பரில் பூச்சித் தொல்லை இல்லை, ஆனால் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். என்னைக் கேட்டால் மே மாதத் தொடக்கம்தான் சிறந்தது. மழை எப்போதும் வரலாம், அதனால் பக்கத்திலேயே கூரையுள்ள ஓர் இடத்தையும் சேர்த்துப் பேசிவையுங்கள்.

ஸ்காட்லாந்தில் திறந்தவெளியிலேயே சட்டப்படி திருமணம் செய்யலாம் என்பது பெரிய வசதி. நடத்திவைப்பவரும் நிலத்துக்கு உரியவரும் சம்மதிக்க வேண்டும். மணமக்கள் இருவரும் தனித்தனியாக எம்10 என்ற திருமண அறிவிப்புப் படிவத்தை அந்தப் பகுதிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும்: திருமணத்துக்கு முந்தைய 3 மாதங்களுக்குள், ஆனால் குறைந்தது 29 நாட்களுக்கு முன்பே. சாட்சிகள் 2 பேர், 16 வயது நிறைந்தவர்கள்.

இந்தியாவிலிருந்து போய்த் திருமணம் செய்பவர்களுக்குச் சாதாரண சுற்றுலா விசா போதாது. திருமணத்துக்கென்றே உள்ள வருகையாளர் விசா வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். அங்கே பல இடங்களில் புல்தரைக்குக் கீழே சதுப்புதான்.