கொல்லைக்கு வரும் பறவைகளைப் படம் பிடிப்பது: தொடங்குகிறவர்களுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை மிகச் சிறியது. 2010 முதல் அங்கேதான் பறவைகளைப் படம் பிடிக்கிறேன்.

1. தண்ணீர் வையுங்கள்
வாய் அகன்ற மண்சட்டி போதும். இரண்டு விரற்கடைக்கு மேல் தண்ணீர் வேண்டாம். நடுவில் ஒரு செங்கல் துண்டு போடுங்கள். பூனை பதுங்கும் புதரிலிருந்து தள்ளி வையுங்கள். பிஸ்கட், சோறு இறைப்பதை நான் ஏற்பதில்லை. செம்பருத்தி வைத்தால் தேன்சிட்டு தானாக வரும். பட்ட கிளையை வெட்டாதீர்கள். 2011 டிசம்பரில் 'தானே' புயல் எங்கள் முருங்கையை முறித்துப்போட்டது. மிஞ்சி நின்ற பட்ட கிளையில்தான் செம்மார்புக் குக்குறுவான் பொந்து குடைந்தது.

2. ஓரிடத்தில் உட்காருங்கள்
காலை ஆறரை முதல் எட்டு வரை, வெயில் உங்கள் முதுகில் விழும்படி, தினமும் அதே இடத்தில். தவிட்டுக்குருவிகள்தான் முதலில் பழகும்.

3. கேமரா
300 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸ் போதும். ட்ரைபாடை விட மணல் அடைத்த துணிப்பையே எனக்குப் பிடிக்கும். ஜன்னல் விளிம்பில் அசையாமல் உட்காரும். ஷட்டர் வேகம் 1/1000 விநாடி. ஃபோகஸை ஒற்றைப் புள்ளியில் வைத்துப் பறவையின் கண்ணில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் இலைதான் தெளிவாக விழும்.

4. பறவை கருப்பாக விழுந்தால்
நான் இரண்டு ஆண்டு தடுமாறியது இங்கேதான். கடலோர வானம் காலையிலேயே வெளுத்துவிடும். அந்த வெளிச்சத்தைக் குறைக்கக் கேமரா முழுப் படத்தையும் இருட்டாக்கும்; கிளையில் இருக்கும் பறவை நிழலுருவாகிவிடும். பிறகு கணினியில் வெளிச்சம் கூட்டினால் புள்ளி புள்ளியாகத்தான் வரும். எடுக்கும்போதே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் கேமராவில் உள்ள அமைப்பு) +1 வையுங்கள். வானம் மிகவும் வெளுத்திருந்தால் +1.5. வானம் வெள்ளையாகத் தெரியும், தெரியட்டும். நான் "கருஞ்சிட்டு" என்று குறித்து வைத்திருந்த பறவையை இப்படி எடுத்தபோது மஞ்சள் வயிறும், அரக்கு முதுகும், தோளில் மின்னும் பச்சைத் திட்டும் தெரிந்தன. அது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. கருப்பாக விழுந்ததாக அழித்த பழைய படங்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

இருண்ட இலைகளுக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் இதற்கு நேர்மாறு: -1.

5. தேதி எழுதுங்கள்
படத்தோடு நாள், நேரம், என்ன செய்தது என்று ஒரு வரி. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவியின் குரலை எந்த நாள் முதலில் கேட்டேன் என்பதை ஆண்டுதோறும் குறிக்கிறேன். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்காதீர்கள். கூட்டை நெருங்கிப் படம் எடுக்கவே கூடாது. பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் கொல்லையையும் சேருங்கள்.

பின்சேர்க்கை: லென்ஸில் புகை படிந்தது போலத் தெரிவதாகப் புதுச்சேரியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் இங்குள்ள ஈரக்காற்றில் அப்படித்தான் ஆகும். துடைக்காதீர்கள். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் திண்ணையில் வையுங்கள். அதற்குள் சட்டியைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றிவிடலாம்.