வீட்டு வன்முறையைக் கணக்கெடுக்கப் போகும்போது

ஊருக்குள் "பெண்கள் உடல்நல ஆய்வு" என்றே சொல்லுங்கள். உண்மையான பொருளைத் தேர்வான பெண்ணிடம் மட்டும் தனியாகச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். வீட்டுக்கு ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். 15 முதல் 49 வயதுக்குள் பலர் இருந்தால் சீட்டுக் குலுக்குங்கள். மாமியாரையும் மருமகளையும் சேர்த்துக் கேட்டால் விஷயம் வெளியே போய்விடும், அடி மருமகளுக்குத்தான் விழும்.

பள்ளிபாளையம், சோமனூர் பக்கம் தறி ஓடும் வீடுகளில் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டிவரும், அங்கே பேசாதீர்கள். திருப்பூரில் ஷிப்ட் நேரம் பார்த்துப் போங்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகூட அருகில் இருக்கக் கூடாது, அப்பாவிடம் அப்படியே ஒப்பிக்கும். யாராவது வந்துவிட்டால் கேள்வியை மாதவிடாய், ரத்தசோகை என்று மாற்றுங்கள். இதை முன்பே ஒத்திகை பாருங்கள்.

"கொடுமை நடந்ததா?" என்றால் "அதெல்லாம் இல்லீங்க" என்றுதான் பதில் வரும். அறைந்தாரா, தள்ளினாரா, கழுத்தை நெரித்தாரா எனச் செயல்வாரியாகக் கேளுங்கள். வாழ்நாளில் ஒருமுறையாவது, கடந்த 12 மாதத்தில் என இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். கர்ப்ப காலத்துக்குத் தனிக் கேள்வி வேண்டும்.

181 (பெண்கள் உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டையும் மற்ற சுகாதார எண்களோடு கலந்து சின்னத் துண்டுச்சீட்டில் கொடுங்கள். தனியாக அச்சடித்த சீட்டு கணவன் கையில் சிக்கினால் வம்பு.