ஒரே கூரையில் ஐந்து வகுப்பு: சமூகப் பணியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிச் சீமையில் நாற்பது ஐம்பது பிள்ளைகள் மட்டுமே படிக்கும் தொடக்கப் பள்ளிகள் ஏராளம். அரசுப் பள்ளிகளும் உண்டு, மிஷன் காலத்தில் தொடங்கிய உதவிபெறும் பள்ளிகளும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளையும் அந்த இருவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படியொரு பள்ளிக்கு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்தோ ஏதாவது தொண்டு நிறுவனத்திலிருந்தோ சமூகப் பணியாளர் ஒருவர் போகிறார். பயிற்சியில் அவர் கற்றுக்கொண்ட முறைகள் பெரும்பாலும் பெரிய பள்ளிக்கானவை. அங்கே பேசத் தனி அறை கிடைக்கும். ஆயிரம் பேரில் ஒரு பிள்ளை எழுந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 2023-இல் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவன் ஒருவன் வெட்டப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழுகூட, 2024-இல் அளித்த அறிக்கையில் 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்குத்தான் நல அலுவலர் பணியிடத்தைப் பரிந்துரைத்தது. சின்னப் பள்ளிக்கு எப்போதாவது வந்து போகும் களப்பணியாளரே கதி. அதனால் அவர் செய்யும் தவறுக்கு அங்கே விலை அதிகம். அந்த விலை பெரும்பாலும் ஒரே வழியில்தான் வருகிறது: விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது.

பெயர் சொல்லி அழைப்பது

காலை பதினொரு மணி. பள்ளி வாசலில் ஸ்கூட்டர் வந்து நிற்கிறது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் கோப்போடு ஒருவர் இறங்கி வந்து, மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் பெயரைச் சொல்லி, “கொஞ்சம் வெளியே அனுப்புங்கள் டீச்சர்” என்கிறார். ஐந்து வகுப்பும் ஒரே கூரையில் உட்கார்ந்திருப்பதால் ஐந்து வகுப்பும் திரும்பிப் பார்க்கிறது. சிறுமி பென்சிலை டப்பாவுக்குள் வைத்து மூடுகிறாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து, எல்லாருடைய கண்ணும் தன்மேல் இருக்க, வாசல்வரை நடக்கிறாள். சத்துணவு வரிசையில் பக்கத்துப் பிள்ளை கேட்கிறது: “உங்க அப்பாவைப் பற்றிக் கேட்கத்தானே வந்தார்கள்?” சாயங்காலத்துக்குள் செய்தி டீக்கடைக்குப் போய்விடும். அப்பா குடித்துவிட்டு அடிக்கிறவராக இருந்தால், அன்றிரவு அந்த வீட்டில் தாயும் மகளும் படும் பாட்டுக்கு அந்த ஸ்கூட்டரும் ஒரு காரணம்.

இதைத் தவிர்க்க அதிகச் செலவில்லை, பொறுமைதான் வேண்டும். முதல் இரண்டு மூன்று முறை யாருக்காகவும் வராதவராக வாருங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கதை சொல்லுங்கள், வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், விளையாட்டில் சேர்ந்துகொள்ளுங்கள். பிறகு நாலைந்து பேராக அழைத்துப் பேசுங்கள். நீங்கள் தேடி வந்த பிள்ளை அந்த வரிசையில் முதலாகவும் இருக்கக் கூடாது, கடைசியாகவும் இருக்கக் கூடாது. தனியாகப் பேச வேண்டிய கட்டம் வந்தால் கதவை மூடிய அறை வேண்டாம். வேப்பமரத்தடியோ வராந்தாவின் ஓரமோ, மற்றவர்கள் பார்க்கும்படியும் கேட்க முடியாதபடியும் ஓர் இடம் எந்தப் பள்ளியிலும் கிடைக்கும்.

கோப்பைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதும் இதே தவறுதான். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், ஊராட்சி ஆள், சிலிண்டர் கொண்டுவருபவர் என்று எல்லாரும் வந்துபோகும் மேசை அது. உதவி பெற்ற பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பது இன்னும் மோசம். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் தடைசெய்கிறது. தடை பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டுமே என்று நினைக்க வேண்டாம். வேறு எந்தத் தகவல் தொடர்பு வடிவத்துக்கும் அது பொருந்தும்.

எந்தத் தெரு வழியாகப் போகிறீர்கள்

“எந்த ஊர், எந்தத் தெரு?” திருநெல்வேலிப் பக்கத்தில் இந்தக் கேள்வி பல நேரம் முகவரி தெரிந்துகொள்ளக் கேட்கப்படுவதில்லை. பதிலிலிருந்து சாதியைக் கணித்துவிடுவார்கள். களப்பணியாளரையும் ஊர் அப்படித்தான் அளக்கிறது. முதல் நாள் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தீர்கள், யாரை வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு போனீர்கள், எந்த வீட்டில் காபி வாங்கிக் குடித்தீர்கள், எந்த வீட்டில் வேண்டாம் என்றீர்கள் என்பதெல்லாம் நினைவில் வைக்கப்படும். ஒரு தெருவின் பெரியவரை முன்னால் விட்டுக்கொண்டு இன்னொரு தெருவின் பிள்ளையைப் பார்க்கப் போனால், அந்த வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தனியாகப் போங்கள். ஒரு வீட்டில் தண்ணீர் குடித்தால் எல்லா வீட்டிலும் குடியுங்கள்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததை இந்த வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். உடன் படித்தவர்கள் சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதாகப் பள்ளியில் முறையிட்ட பட்டியல் சமூக மாணவனை, வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பிள்ளை ஒரு புகாரைச் சொன்ன கணத்திலிருந்து அதன் பாதுகாப்பும் நம் பொறுப்பு. யாரைப் பற்றிய புகாரோ அவர்கள் காதுக்கு அது எப்போது, எப்படிப் போகும், அன்றிரவு பிள்ளை எங்கே இருக்கும் என்று யோசிக்காமல் எதிர்த்தரப்புப் பிள்ளைகளை அழைத்து விசாரிப்பதும், இரண்டு பக்கத்தையும் ஒன்றாக உட்கார வைத்துச் சமாதானம் பேசுவதும் ஆபத்து. “சின்னப் பிள்ளைகள் சண்டை” என்று எழுதி முடிப்பதும் அப்படியே. மணிக்கட்டில் சாதி அடையாளமாகக் கட்டும் வண்ணக் கயிறு தொடக்கப் பள்ளியில் கண்ணில் படாமல் இருக்கலாம். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், குடிதண்ணீர்க் குடத்தை யார் தொடுகிறார்கள் என்று பாருங்கள். அதைக் குறித்துக்கொள்ள எந்தப் பிள்ளையிடமும் சாதி கேட்கத் தேவையில்லை.

ஆச்சியின் பயம்

அப்பா திருப்பூரில், அம்மா கேரளாவில், பிள்ளை ஆச்சியிடம். இந்தப் பக்கத்தில் இது சாதாரணம். படிவத்தில் “பெற்றோர் கையொப்பம்” என்று இருப்பதால் ஆச்சியை ஒதுக்கிவிட்டு, தொலைபேசியில் அப்பாவைத் தேடுகிறவர்கள் உண்டு. அன்றாடம் பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்புகிறவரிடம் கேட்காமல், பிள்ளையைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்?

ஆச்சியிடம் பேச உட்கார்ந்ததும் “குழந்தைகள் நலக் குழு” (பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் குழு) என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் மனத்தில் ஓடுவது ஒன்றுதான்: “ஏ தாயி, பிள்ளையை ஹோமுக்குக் கொண்டுபோய் விட மாட்டீர்களே?” அந்தப் பயம் தீராதவரை நீங்கள் கேட்பதற்கெல்லாம் “ஒரு குறையும் இல்லை” என்றுதான் பதில் வரும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. அதை முதலிலேயே, அவருக்குப் புரியும் சொற்களில் சொல்லிவிடுங்கள்.

பண உதவியை முதல் சந்திப்பிலேயே பேசுவதும் கெடுதல். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. கிராமத்துக் குடும்பத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய். தமிழக அரசின் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். இவையெல்லாம் உரிய அதிகாரிகளின் ஒப்புதலுக்குப் பிறகே கிடைப்பவை. “பணம் வரும்” என்று சொல்லிவிட்டு வந்து, கோப்பு திரும்பிவிட்டால் அந்த வீட்டில் மறுபடி கால் வைக்க முடியாது. “விண்ணப்பிப்போம், முடிவு அவர்கள் கையில்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், கடையம் பக்கம் போனால் பீடி சுற்றும் வீடுகள். (பின்னவை இரண்டும் இப்போது தென்காசி மாவட்டம்.) கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. அம்மா இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிப் போட்டுக்கொண்டே இருப்பார். முறத்துக்கு எதிரே உட்கார்ந்து முனையை மடக்கிக் கொடுப்பது பெரும்பாலும் பெண்பிள்ளை. அவளுக்கு வீட்டுப்பாடம் முடிக்க நேரம் கிடைக்காது. காலையில் வகுப்பில் தூங்கி விழுவாள். இதைப் பார்த்ததும் தாயைக் குற்றவாளியாக நடத்துவது ஒரு தவறு. “வீட்டு வேலைதானே” என்று விட்டுவிடுவது இன்னொரு தவறு. 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு ஆபத்தான தொழில்களுக்குப் பொருந்தாது. எத்தனை மணிக்குக் கணக்கு முடிக்க வேண்டும், பீடிக் கடையில் எத்தனை கட்டைச் சரியில்லை என்று கழிக்கிறார்கள், கழித்ததற்குக் கூலி உண்டா என்று தாயிடம் கேட்டால்தான் மகள் ஏன் அந்த முறத்தின் முன் உட்கார்ந்திருக்கிறாள் என்பது விளங்கும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்தியக் கல்வி உதவித்தொகைக்குத் தாயின் அடையாள அட்டை தேவை. பல வீடுகளில் வேலை ஒருவர் செய்ய, அட்டை இன்னொருவர் பெயரில் இருக்கும். விண்ணப்பத்துக்கு முன் அதைச் சரிபாருங்கள்.

தரக் கூடாத வாக்கு

“நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், நீ சொல்லு.” இந்த ஒரு வாக்கியத்தை எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைப் பிறகு மீறுவதைவிட, முன்கூட்டியே “உன்னைப் பத்திரமாக வைத்திருக்கத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்று சொல்லிவிடுவது நேர்மை.

சந்தேகம் உறுதியாகட்டும் என்று நாமே திரும்பத் திரும்பக் கேட்பதும் கூடாது. டீச்சர் ஒருமுறை, தலைமையாசிரியர் ஒருமுறை, நாம் ஒருமுறை என்று கேட்டால், போலீஸ் வரும்போது பிள்ளை சலித்து வாய் மூடியிருக்கும். சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு நிறுத்துங்கள். பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் உதவி ஆய்வாளர், சீருடை இல்லாமல் வாக்குமூலம் பதிய வேண்டும் என்பது சட்டம். ஸ்டேஷனுக்குக் கூட்டிவரச் சொன்னால் இதை எடுத்துச் சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் “பேசி முடிப்போம்” என்று வந்தால் அந்தக் கூட்டத்தில் உட்காரவே உட்காராதீர்கள்.

ஆசிரியரும் ஆயாவும்

இரண்டு ஆசிரியர்களும் பாடத்தோடு எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) பதிவு, காலை உணவு, கூட்டம், பயிற்சி எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். அவர்களிடம் ஆறு பக்கப் படிவத்தைக் கொடுத்து, “அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறேன்” என்று போவது நியாயமில்லை. நீங்களே கேட்டு நீங்களே எழுதுங்கள். அவர்கள் அந்த ஊரிலேயே நாளும் வந்து நிற்க வேண்டியவர்கள். “டீச்சர்தான் சொன்னார்” என்று வீட்டில் ஒரு சொல் விட்டால் அவர்களுக்கும் ஊருக்கும் பகையாகிவிடும்.

சமையல் செய்பவரையும் ஆயாவையும் யாரும் கேட்பதில்லை. திங்கட்கிழமை காலை உப்புமாவுக்கு எந்தப் பிள்ளை மூன்றாம் முறை தட்டை நீட்டுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். சனி, ஞாயிறு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதை அதைவிடச் சரியாகச் சொல்லும் ஆவணம் இல்லை.

இன்னொன்று: கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டித் தொடக்கக் கல்வியில் சேர்க்கையை மறுக்க முடியாது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்ட வேலை 2024-இல் நின்று குடும்பங்கள் மலையிறங்கியதுபோல ஊர் மாறும் நேரங்களில் இந்தச் சட்டப்பிரிவு கையில் இருக்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்போடு முடித்துவிடுவது

களப்பணியாளர்களில் பலர் ஒப்பந்தப் பணியில் இருப்பவர்கள். வேலை மாறிப் போகும்போது கோப்பை மட்டும் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்து வருபவரிடம் பிள்ளை தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாம் முறை சொல்வதில்லை. புதியவரை ஒருமுறையாவது நேரில் அழைத்துப் போய் அறிமுகப்படுத்துங்கள்.

அதைவிடப் பெரிய இடைவெளி ஜூன் மாதத்தில் விழுகிறது. ஐந்து முடித்த பிள்ளை பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் பஸ் ஏறுகிறது. பழைய பள்ளியில் “சென்றுவிட்டது” என்று கோப்பு மூடப்படும். புதிய பள்ளியில் அந்தப் பிள்ளையை யாருக்கும் தெரியாது. இரண்டு வாரம் வராமல் இருந்தாலும் விசாரிக்க ஆளிருக்காது. ஆகவே ஏப்ரலிலேயே பிள்ளையிடம் கேளுங்கள்: புது டீச்சரிடம் உன்னைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம்? பள்ளி திறந்த முதல் வாரத்தில் அங்கே போய், அது சம்மதித்ததை மட்டும், வகுப்பாசிரியர் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் மாணவர் உதவி எண் 14417-ஐயும் பிள்ளையின் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதன் கையாலேயே எழுத வையுங்கள். ஜூலையில் ஒருமுறை போய், பஸ்ஸில் யாரோடு உட்கார்ந்து வருகிறது என்று கேட்ட பிறகு கோப்பை மூடலாம்.