ஸ்பகெட்டி ஸ்குவாஷ் சமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த அக்டோபரில், எங்கள் குடியிருப்பில் புதிதாகக் குடிவந்திருந்த இளம்பெண் ஒருவர் மூடிய பாத்திரம் ஒன்றை ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே இருந்தது ஸ்பகெட்டி ஸ்குவாஷ்; வெந்ததும் சதை இழை இழையாகப் பிரியும் ஒருவகைப் பூசணி. திறந்து பார்த்தபோது, மஞ்சள் நிறக் கூழின்மேல் இளஞ்சிவப்பு நீர் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தேங்கியிருந்தது. “ஆன்ட்டி, செய்முறையில சொன்னபடிதான் செஞ்சேன்” என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. 12 ஆண்டுகளுக்கு முன் நியூ ஜெர்சிக்கு வந்த முதல் இலையுதிர்காலத்தில், செய்முறையில் சொன்னபடியே செய்து, இதே கூழையும் இதே நீரையும் நானும் விருந்தினருக்குப் பரிமாறியிருக்கிறேன்.

விதையை வழித்தெடுக்க மறப்பது, ஓவனை முன்கூட்டியே சூடாக்காமல் விடுவது போன்றவற்றை ஒருமுறை செய்தவர் மறுமுறை செய்யமாட்டார். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. செய்தவருக்கே தவறு என்று தெரியாதவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நீளவாக்கில் வெட்டுவது

கடையில் கிடைக்கும் காயின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில்கூட, காம்பிலிருந்து அடிவரை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும்படியே பெரும்பாலும் அச்சிட்டிருக்கிறார்கள். இந்தக் காயின் நார்களோ நீளவாக்கில் ஓடுவதில்லை. விதைக்குழியைச் சுற்றி வளையல் அடுக்கியதுபோல் குறுக்காகச் சுற்றியிருக்கின்றன. எனவே நீளவாக்கில் பிளக்கும் கத்தி ஒவ்வொரு நாரையும் பாதியாக நறுக்கிவிடுகிறது. குறுக்காக, மூன்று அல்லது நான்கு சென்டிமீட்டர் கனமுள்ள வளையங்களாக வெட்டினால், வெந்தபின் சேவையைப்போல நீண்ட இழைகள் கிடைக்கும். தோல் மிகவும் கடினமாக இருந்தால், முள்கரண்டியால் ஆழமாகப் பல இடங்களில் குத்தி மைக்ரோவேவில் நான்கு நிமிடம் வைத்தெடுத்த பிறகு வெட்டலாம். கத்தி வழுக்கி விரலைப் பதம்பார்ப்பது அதனால் பெருமளவு குறையும்.

குத்தாமல் முழுதாகச் சூடாக்குவது

வெடிக்கும்.

தண்ணீர் சேர்ப்பது, சேர்ந்த தண்ணீரை விட்டுவைப்பது

இதைப் பற்றி எழுதும்போது இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. வெட்டிய பாதிகளைத் தட்டில் கவிழ்த்து வைத்து, அரைக் கோப்பைத் தண்ணீர் ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக மூடி ஓவனில் வைக்கச் சொல்லும் செய்முறைகள் ஏராளமாக உலவுகின்றன. சுரைக்காய்க் கூட்டுக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, காய் தானே விடும் நீரே போதும் என்பதை அடுப்படியில் வளர்ந்த எவரும் அறிவர். அயல்நாட்டுக் காய் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் அந்த அறிவை நாம் ஏன் கழற்றி வைத்துவிடுகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை. இதுவும் சுரையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சுக்கினியும் இதுவும் ஒரே தாவர இனம். இதன் சதையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 91 கிராம் நீர் இருக்கிறது. அதாவது ஒரு கிலோ சதையை ஓவனில் வைப்பவர், 900 கிராமுக்கு மேல் தண்ணீரையும் உடன் வைக்கிறார். அதன்மேல் இன்னும் அரைக் கோப்பை எதற்கு?

என் முதல் தேங்ஸ்கிவிங் விருந்துக்கு எட்டுப் பேர் வந்திருந்தனர். பெரிய காய்கள் இரண்டை மேற்சொன்ன முறையில் வேகவைத்து, இழைகளைச் சுரண்டியெடுத்து, சூடு ஆறுவதற்குள் தக்காளிச் சாஸுடன் கலந்து, அரைக் கிலோ மொசரெல்லா சீஸைத் தூவி மீண்டும் ஓவனில் வைத்தேன். வெளியே எடுத்தபோது மேற்பரப்பு பொன்னிறமாக இருந்தது. முதல் கரண்டியை எடுத்தவுடன் அந்தப் பள்ளத்தில் நீர் ஊறியது. இரண்டாவது கரண்டிக்குள் தட்டுகளில் ஓடத் தொடங்கியது. விருந்தினர்களில் ஒருவர், கேலி சிறிதும் இல்லாமல், சூப் நன்றாக இருப்பதாகப் பாராட்டினார். மாலை முழுவதும் செலவிட்ட உழைப்பையும் அந்த சீஸையும் குப்பையில் கொட்டியபோது, குற்றம் சாஸினுடையது என்றே நினைத்தேன். அதனால் அடுத்த முறை சாஸைக் குறைத்தேன், நீர் குறையவில்லை.

காரணம் பிடிபட இன்னும் சில காய்கள் வீணாக வேண்டியிருந்தது. கோதுமையில் செய்த ஸ்பகெட்டி உலர்ந்த மாவு. அது கொதிநீரை உறிஞ்சி ஊதுகிறது, சாஸில் புரட்டும்போதும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது, அதன் மேற்பரப்பில் இருக்கும் மாவுச்சத்து சாஸைக் கெட்டியாக்கி ஒட்டவைக்கிறது. இந்தக் காய் எதையும் உறிஞ்சுவதில்லை. உப்பும் சூடும் பட்டவுடன் தன்னிடம் உள்ள நீரை வெளியே விடுகிறது. அந்த நீரைக் கெட்டியாக்கப் போதுமான மாவுச்சத்தும் அதனிடம் இல்லை. ஒன்று குடிக்கும் பொருள், மற்றது கொடுக்கும் பொருள். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே விதமாக நடத்தியதுதான் என் தவறு.

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான். வளையங்களாக வெட்டி விதையை நீக்கிய பின், இருபுறமும் உப்பைத் தூவி 20 நிமிடம் விட்டுவைக்கிறேன். முத்து முத்தாக வியர்த்து வரும் நீரை ஒரு துணியால் ஒற்றியெடுக்கிறேன். உப்பைத் தூவிவிட்டு, ஒற்றாமல் அப்படியே ஓவனில் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கூப்பிட்டு வரவழைத்த நீரை அங்கேயே உட்கார வைப்பதில் என்ன பயன்? பிறகு எண்ணெய் தடவி, வளையங்கள் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, மூடாமல், 200 டிகிரி செல்சியஸில் 30 முதல் 40 நிமிடம் வரை வைக்கிறேன். இரண்டு வெட்டுமுகங்களின் வழியாகவும் ஆவி தடையின்றி வெளியேறுகிறது. வெளியே எடுத்தபின் பத்து நிமிடம் ஆறவிட்டு இழைகளைப் பிரித்து, வடிதட்டில் பரப்பி, இன்னும் கொஞ்ச நேரம் ஆவி போகவிடுகிறேன். அப்போதும் கையில் ஈரம் தட்டினால், மெல்லிய துணியில் இட்டு லேசாகப் பிழிகிறேன். கடைசியாக, அகன்ற வாணலியில் எண்ணெயைச் சூடாக்கி இழைகளை இரண்டு நிமிடம் புரட்டியெடுத்த பிறகே சாஸைப் பற்றி நினைக்கிறேன். இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, அதே கேள்வியுடன் திரும்பி வரலாம்.

குழையும்வரை விடுவது

இழைகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் பெக்டின் சூட்டில் கரைவதால்தான் அவை பிரிகின்றன. அந்த நிலையைத் தாண்டினால் இழைகளே கரைந்து கூழாகும். கூழானதை மீட்க வழியில்லை. முள்கரண்டியால் இழுத்தால் இழை பிரியவேண்டும், வாயில் சிறிது நறுக்கென்று கடிபடவும் வேண்டும். ஷாங்காய் அருகேயுள்ள சோங்மிங் தீவில் இந்தக் காயை இன்னும் முன்னதாகவே இறக்கிவிடுகிறார்கள். சற்றே வேகவைத்து, இழையாக்கி, பிழிந்து, வெங்காயத்தாள் எண்ணெயில் பிசைந்து, குளிர்ந்த கலவையாகச் சாப்பிடுகிறார்கள். அதன் மொறுமொறுப்புக்காக அதைத் தாவர ஜெல்லிமீன் என்றும் அழைக்கிறார்கள். சாஸில் மூழ்கவைக்கும் எண்ணமே அங்கு இல்லை. அமெரிக்காவுக்கு இந்தக் காயை 1936இல் கொண்டுவந்தது பர்பீ விதை நிறுவனம். இங்கே அதனுடன் ஒட்டிக்கொண்ட ஸ்பகெட்டி என்ற பெயர்தான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம் என்பது என் எண்ணம்.

பட்டர்நட்டுக்குச் செய்வதை இதற்கும் செய்வது

பட்டர்நட் பூசணியின் சதை அடர்த்தியானது, இனிப்பும் நன்றாக ஊறியது. மேப்பிள் பாகும் இலவங்கப்பட்டையும் அதற்குப் பொருந்தும். ஸ்பகெட்டி ஸ்குவாஷின் இனிப்பு மிகவும் மெல்லியது. அதன்மேல் பாகை ஊற்றினால் பாகின் சுவை மட்டுமே நிற்கும். கரம் மசாலாவும் அப்படியே.

நீர்த்த சுவையுள்ள காய்க்கு நான்கு வேண்டும்: இழையில் படியும் கொழுப்பு, அழுத்தமான உப்புச்சுவை, சிறிது புளிப்பு, பல்லில் படும் மொறுமொறுப்பு. வெண்ணெயைப் பழுப்பேறும்வரை உருக்கி, அதில் சேஜ் இலைகளைப் பொரித்து, பார்மசான் சீஸைத் துருவிச் சேர்த்து, எலுமிச்சைச் சாறு சில துளிகள் விட்டால் நான்கும் அமைந்துவிடும்; இதைவிடச் சிறந்த சேர்க்கையை நான் இன்னும் காணவில்லை. ஆலிவ் எண்ணெயில் மெல்ல வதக்கிய பூண்டும் கொரகொரப்பாக இடித்த வற்றல் மிளகாயும், அல்லது ஃபெட்டா சீஸும் ஆலிவும் வறுத்த வால்நட்டும் அடுத்த வரிசையில் வரும். துளசி வகை இலையை எண்ணெயுடன் அரைத்த பெஸ்டோ பொருந்தும், க்ரீம் சாஸ் பொருந்தாது, ஏனெனில் காய் விடும் சிறிதளவு நீரே அதைத் திரியவைத்தாற்போல் பிரித்துவிடும். தக்காளி கட்டாயம் வேண்டும் என்பவர்கள், எண்ணெய் பிரிந்து தொக்குப் பதம் வரும்வரை அதைச் சுண்டவைத்து, காயின் அடியிலோ ஓரத்திலோ வைத்துப் பரிமாறட்டும். கலந்து வைத்துக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் யாரும் இல்லாத நாளில் நான் எனக்காகச் செய்துகொள்வது வேறு. தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பிழிந்த இழைகளை அதில் புரட்டி, தேங்காய்த் துருவலைத் தூவி இறக்குவேன். சேவையின் பசி அதில் தீராது. உளுத்தம்பருப்பின் நறுநறுப்பு மட்டும் அதற்கென்றே படைத்ததுபோல் அமையும்.

கசந்தாலும் சாப்பிடுவது

துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிட வேண்டும். குக்குர்பிட்டசின் என்ற நச்சுப்பொருளே அந்தக் கசப்பு. சமைப்பதால் அது போகாது. தோட்டத்தில் அழகுக்காக வளர்க்கும் சுரைகளின் அருகே விளைந்து, அவற்றின் மகரந்தம் கலந்திருக்கக்கூடிய காயிலிருந்து விதை எடுத்து மறு ஆண்டு விதைத்தவர்கள், அதில் காய்த்ததைக் கூடுதல் கவனத்துடன் சுவைத்துப் பார்க்க வேண்டும்.

முழுக் காயைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது

வேண்டாம். உலர்ந்த, குளிர்ந்த அலமாரி போதும். காம்போடு இருந்தால் இரண்டு மாதம் தாங்கும்.