பிளெக்ஸில் ஆள் மாறாமல் இருக்க

பள்ளி விளையாட்டு விழா பேனருக்கு 'கார்த்திகேயன்' என்று மட்டும் படம் தேடாதீர்கள். கோவை நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டியவர். அவர் பெயரில் கார்த்திகேயன் என்பது அப்பா. சதுரங்க கிராண்ட்மாஸ்டர் கார்த்திகேயன் முரளிக்கோ அதுவே சொந்தப் பெயர். இனிஷியலை விரித்து முன்னாலோ பின்னாலோ போடுவதால் வரும் வினை இது.

பெயரோடு விளையாட்டு, ஊர், ஆண்டு சேர்த்துத் தேடுங்கள்: 'மாரியப்பன் உயரம் தாண்டுதல் ரியோ 2016'. பாராலிம்பிக் வீரர் மாரியப்பன் தங்கவேலுவை அச்சில் 'தங்கவேலு' என்று மட்டும் போட்டால் அவர் அப்பாவுக்குப் பாராட்டு விழா ஆகிவிடும், 'த. மாரியப்பன்' என்பதே சரி. சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜனுக்கும் இனிஷியல் 'த'தான், ஆனால் அது தங்கராசு. இருவருமே சேலம் மாவட்டம் என்பதால், புரூஃபில் இதை இன்னொரு முறை பாருங்கள்.