ஆர்.சி. கார் பந்தயத்தில் புதியவர்கள் கோட்டை விடும் இடங்கள்

முதன்முதலாக ஆர்.சி. கார், அதாவது ரிமோட்டில் ஓட்டும் குட்டிக் கார் பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, "எந்த மோட்டார் போட்டால் வேகமாகப் போகும்?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். ஆனால் வேகம் பற்றாமல் தோற்ற புதியவர்களை நான் பார்த்தது குறைவு. முட்டி, கவிழ்ந்து, நடுவில் ஏதோ ஒன்று கழன்று தோற்றவர்கள்தான் ஏராளம்.

ஒரு சின்னக் கணக்கு. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கான 1/10 அளவு மின்சாரக் கார்களுக்கு ஒரு ஹீட், அதாவது ஒரு தடவை ஓட்டம், வழக்கமாக 5 நிமிடம், அதாவது 300 நொடி. ஒருவர் சுற்றுக்கு 15 நொடி என்று எங்கும் இடிக்காமல் ஓட்டினால் 20 சுற்று முடித்துவிடுவார். இன்னொருவர் அவரைவிட வேகம், சுற்றுக்கு 14.5 நொடி. ஆனால் மூன்று தடவை கவிழ்கிறார். மார்ஷல் (டிராக் ஓரம் நின்று கவிழ்ந்த காரை எடுத்துவிடுபவர்) ஓடிவந்து நிமிர்த்திவிட ஒவ்வொரு முறையும் 6 நொடி போகிறது என்று வையுங்கள். அதே 20 சுற்றை முடிக்க அவருக்கு 308 நொடி ஆகும். வேகமான கார், பின்தங்கிய இடம்.

அதனால் மோட்டார் விஷயத்தில் ஆசையை அடக்குங்கள். 17.5 டர்ன், 13.5 டர்ன் என்று எழுதியிருப்பது மோட்டாருக்குள் கம்பி சுற்றிய எண்ணிக்கை; அதில் எண் குறையக் குறையக் காரம் கூடும். பல பிரிவுகளில் எந்த மோட்டார் என்பது விதியிலேயே இருக்கும். அதைப் படிக்காமல் வாங்கிவிட்டு, சோதனை மேஜையில் திருப்பி அனுப்பப்படுவதும் நடக்கும். ஏற்கெனவே கையில் காரமான மோட்டார்தான் இருக்கிறதா? சரி, டிரான்ஸ்மிட்டரில், அதாவது கையிலிருக்கும் ரிமோட்டில், த்ராட்டிலின் (வேகம் கொடுக்கும் டிரிகரின்) உச்சத்தை 70 சதவீதத்துக்குக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். பல சமயம் சுற்று நேரம் குறையத்தான் செய்யும்.

அடுத்தது திருகாணிகள். என் முதல் போட்டியில் இரண்டாவது நிமிடம், கார் இடப்பக்கம் மட்டுமே திரும்பியது. ஸ்டீயரிங் சக்கரத்தை வலப்பக்கம் எவ்வளவு முறுக்கினாலும் அசையவில்லை. எடுத்துப் பார்த்தால், முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோ மோட்டாரின் கையான சர்வோ ஹார்னைப் பிடித்திருந்த ஒரே ஒரு திருகாணி பாதி வெளியே வந்து நின்றது. அரிசி மணி அளவு திருகாணி, அன்றைய பொழுதையே முடித்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு ஹீட்டுக்கு முன்னும் சக்கர நட்டுகள், சர்வோ ஹார்ன், மோட்டாரைப் பிடிக்கும் திருகாணிகள் மூன்றையும் தொட்டுப் பார்க்காமல் காரை எடுப்பதில்லை. உலோகத்தில் இறங்கும் திருகாணிக்கு, அது கழலாமல் பிடிக்கும் பசையான திரெட்லாக் ஒரு சொட்டு போடலாம். பிளாஸ்டிக்கில் இறங்குவதற்குப் போடவே கூடாது; சில வகைப் பிளாஸ்டிக் அதில் வெடித்துவிடும்.

மோட்டார் தண்டிலுள்ள சின்னக் கியரான பினியனும், அது சுழற்றும் பெரிய ஸ்பர் கியரும் கடிக்கும் இடம் இன்னொரு தலைவலி. இறுக்கமாக வைத்தால் மோட்டார் ஊளையிடும், சூடேறும். தளர்வாக வைத்தால் ஸ்பர் கியரின் பற்கள் சீவிக்கொண்டு போய்விடும். மோட்டார் மட்டும் கத்தும், கார் நிற்கும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நோட்டுத்தாளில் ஒரு துண்டு கிழித்து இரண்டு கியருக்கும் நடுவில் கொடுங்கள். மோட்டாரை அழுத்திப் பிடித்துத் திருகாணியை இறுக்கிவிட்டு, கியரைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாளில் பல் மடிப்பு தெளிவாக விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. அப்புறம் ஸ்பர் கியரை ஒரு முழுச் சுற்று சுற்றி நாலைந்து இடத்தில் ஆட்டிப் பாருங்கள். சில கியர்கள் மையம் கொஞ்சம் தப்பியிருக்கும். மிக இறுக்கமான இடத்திலும் இம்மியளவு ஆட்டம் இருந்தால் போதும். பினியனின் குட்டித் திருகாணி, மோட்டார் தண்டின் தட்டையான பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் தவறு செய்தால் தோல்வியோடு முடியாது, தீப்பிடிக்கும். ஒரு செல்லின் முழு சார்ஜ் 4.2 வோல்ட், 2 செல் பேட்டரி என்றால் 8.4. சார்ஜரில் செல் எண்ணிக்கையையும் பேட்டரி வகையையும் சரிபார்த்துவிட்டு, செல்களைச் சமமாக ஏற்ற உதவும் பேலன்ஸ் வயரையும் செருகித்தான் தொடங்க வேண்டும். பேட்டரியில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, 5000 எம்.ஏ.ஹெச். பேட்டரிக்கு 5 ஆம்பியர் என்ற அளவைத் தாண்ட வேண்டாம். சார்ஜ் ஏறும்போது டீ குடிக்கப் போகாதீர்கள். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி கெட்டுப்போகும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யில் லைப்போ கட்-ஆஃப் (வோல்ட் இறங்கினால் நிறுத்தும் வசதி) வைத்திருக்கிறதா என்று பாருங்கள். போட்டி முடிந்து வீட்டுக்குப் போனால், முழு சார்ஜோடு வாரக்கணக்கில் அலமாரியில் போட்டுவைக்காமல், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். உப்பிப்போன பேட்டரியை இன்னும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். 1/28 அளவு குட்டிக் கார்களில் நான்கு ஏ.ஏ.ஏ. பேட்டரி போடுகிறவர்களுக்கு இந்தக் கவலையில் பாதி இல்லை.

இயக்கும்போது முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு கார். அணைக்கும்போது முதலில் கார், பிறகு டிரான்ஸ்மிட்டர். வரிசை மாறினால் கார் தானாகப் பாய்ந்து மேஜையிலிருந்து குதிக்க வாய்ப்பு உண்டு. சிக்னல் போனால் கார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்துவிட்டு, சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்து, லேசாக த்ராட்டில் கொடுத்தபடி டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள். ரிவர்ஸ் கியரையும் இ.எஸ்.சி.யில் எடுத்துவிடுங்கள், பல போட்டிகளில் அதற்கு அனுமதி கிடையாது. சுற்றுகளை எண்ண காரிலிருந்து சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரை மாட்ட மறந்தால் நீங்கள் ஓட்டிய எந்தச் சுற்றும் கணினியில் ஏறாது.

டயருக்கு ஒரே விதிதான்: அந்த டிராக்கில் தினமும் ஓட்டுகிறவர் போட்டிருப்பதையே போடுங்கள். ரிம்மோடு ஒட்டும் வகை என்றால் ஓரம் முழுக்கப் பசை பிடித்திருக்கிறதா என்று விரலால் இழுத்துப் பாருங்கள். மற்ற செட்டிங்குகளில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்பிரிங், ஷாக் ஆயில், கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையில் ஏறிய பிறகு? கார் நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகும், வலம் இடமாகும். புதியவர்களின் விபத்துகளில் பெரும்பங்கு இங்கேதான். வெட்டவெளியில் இரண்டு தண்ணீர் பாட்டில்களை வைத்து, எட்டு போட்டு ஓட்டிப் பழகினால் கை தானாகத் திரும்பும். கண் உங்கள் காரின் மீதே இருக்கட்டும், பக்கத்து ஆள் காரின் மீது போக வேண்டாம். முதல் வளைவில் எல்லாரும் ஒரே இடத்துக்கு முண்டுவார்கள். அரை நொடி விட்டுக்கொடுத்தால், குவியலைச் சுற்றிக்கொண்டு நாலு இடம் முன்னேறலாம். ஒரு சுற்று முன்னால் இருப்பவர் பின்னால் வந்தால் நடுவழியில் சடாரென்று பிரேக் போடாதீர்கள். நேர்ப்பாதையில் கொஞ்சம் ஒதுங்கி, வேகத்தை இழக்காமல் வழிவிடுங்கள்.

உங்கள் ஹீட் முடிந்ததும் காரைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு ஓடிவிடக் கூடாது. அடுத்த ஹீட்டுக்கு நீங்கள்தான் மார்ஷல். வராதவருடைய சிறந்த ஓட்டத்தையே வெட்டிவிடும் இடங்கள் உண்டு. நிற்கும்போது முன்னால் நடக்கும் சண்டையை ரசிக்காமல் உங்களுக்கு விட்ட வளைவைப் பாருங்கள். கார் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓடுங்கள். எடுத்த காரை, பின்னால் வருபவர் கடந்த பிறகே தரையில் விடுங்கள். பழுதான காரை டிராக்கில் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டாம், ஓரமாக வைத்துவிடுங்கள். மேடையில் இருப்பவருக்கும் ஒன்று: கார் கவிழ்ந்த உடனே டிரிகரிலிருந்து விரலை எடுங்கள், மார்ஷலின் கை அங்கேதான் வரப்போகிறது.